உள்ளே திருப்பிய மூச்சுக்குழாய்

மேஸ்திரி பத்து மூச்சுக்குழாய்களை வெளியே திருப்பிவிட்டார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். அது அவசரத்தின் படகில் இருந்தது. அவசரம் என்பது துறையில் எல்லோரும் சேர்ந்து அந்தப் படகுக்காரருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்ததை அவரே மறந்திருப்பார். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற மனிதர். அரை மணி நேரம் படகைக் கட்டிப் போடுங்கள், சின்ன வேலை ஒன்று இருக்கிறது என்றால், அந்த நேரத்தில் எதிர்க்கரைக்கு ஒரு நடை போய் வந்துவிடுவேனே என்பார். மேஸ்திரி பதினெட்டு நாளாக அவரைத் துரத்திக்கொண்டிருந்தார்.

துரத்தாமல் விட முடியாது. அந்தப் படகுக்கும் துறையிலுள்ள மற்ற எல்லாப் படகுகளுக்கும் தினம் பெட்ரோல் பிடித்துவிடுகிறவள் மேஸ்திரியின் தங்கச்சி. அவசரத்தின் தொட்டி வாயில் குழாயைச் செருகிக்கொண்டு அவள் குனிந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் மேஸ்திரிக்குப் பட்டறையில் கை ஓடாது. அவள் நிமிர்ந்த பிறகுதான் மூச்சே வரும். ஒரு நாளைக்கு நாலு முறை இந்தப் பிழைப்பு. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷனை எரித்த அதே கோளாறு அந்தப் படகிலும் இருந்தது. வைத்தவர் மேஸ்திரி. அவளுக்கு அது தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

படகுத் தொட்டியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னப் படகுகளில் ஓட்டுகிறவர் உட்காரும் பலகைக்குக் கீழே பெட்ரோல் தொட்டி இருக்கும். அதற்கு மூன்று துளைகள்: பெட்ரோல் ஊற்ற ஒன்று, எஞ்சினுக்குப் போக ஒன்று, காற்று போய்வர ஒன்று. இந்த மூன்றாவதில் மாட்டுகிற விரல் தடிமன் குழாய்க்குப் பட்டறையில் மூச்சுக்குழாய் என்று பெயர். அது படகின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். பெட்ரோல் உள்ளே போகப் போக, தொட்டியிலிருக்கும் காற்று இந்தக் குழாய் வழியாக விசிலடித்துக்கொண்டு வெளியேறும். தொட்டி நிரம்ப நிரம்ப விசில் கீச்சென்று ஏறும். நின்றதென்றால் நிரம்பிவிட்டது. அளவு காட்டும் முள்ளை அந்தத் துறையில் யாரும் நம்புவதில்லை, அது எப்போது பார்த்தாலும் பாதியில் நிற்கும். எல்லோரும் காதைத்தான் நம்பினார்கள். காது ஒரு நொடி ஏமாந்தால் ஒரு கைப்பிடி பெட்ரோல் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரில் விழுந்து, வண்ண வண்ணமாக விரிந்துகொண்டு போகும்.

ஒழுங்காகச் செய்த தொட்டியாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஊற்றும் வாயை உள்ளே கொஞ்சம் இறக்கி வைத்து, தொட்டியின் மேல்பக்கம் நாலு விரல் இடம் நிரம்பாமல் விட வேண்டும். வெயிலில் பெட்ரோல் உப்பும். அதற்கு அந்த இடம். மூச்சுக்குழாயும் அகலமாக இருக்க வேண்டும், ஒரு வளைவு மேலே ஏறி இறங்கி வெளியே போக வேண்டும். மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதவர் செய்த தப்பாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படகுக்காரர்கள் வந்து, இருக்கிற இடத்திலேயே இன்னும் அஞ்சு லிட்டர் பிடிக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்பார்கள். கேட்டதைச் செய்துதருகிறவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டு நாலு விரல் இடத்தையும் தின்றுவிட்டு, கழுத்து வரை நிரம்புகிற தொட்டிகளாகவே இருபது வருஷம் செய்து தள்ளினார்.

அப்போதுதான் துறை அலுவலகத்துக்கு வானவில் வந்து சேர்ந்தார். அவர் அதிகாரி. தண்ணீரில் எங்கே பெட்ரோல் வண்ணம் விரிந்தாலும் கழுத்தில் தொங்கும் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடிவந்து நிற்பார். அதனால் அந்தப் பெயர். மழைக்குப் பிறகு வருவது சாதா வானவில், பெட்ரோல் பிடித்த பிறகு வருவது நம்ம வானவில் என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. வண்ணம் விட்ட படகை ஏழு நாள் கட்டிப் போட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். அந்த மனிதர் செய்தது தப்பும் இல்லை. துறையில் மீன் செத்து மிதந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனால் ஏழு நாள் படகு நின்றால் ஏழு நாள் அடுப்பு நிற்கும். படகுக்காரர்கள் மேஸ்திரியிடம் வந்து தலையைச் சொறிந்தார்கள்.

தொட்டியைக் கழற்றி, கழுவி, வாயை மாற்றி, நாலு விரல் இடம் விட்டுத் திரும்ப வைத்திருக்கலாம். ஒரு தொட்டிக்கு மூன்று நாள் வேலை. மேஸ்திரி அரை மணி நேர வேலை ஒன்று கண்டுபிடித்தார். படகின் பக்கவாட்டுத் துளையை அடைத்துவிட்டு, மூச்சுக்குழாயின் முனையை உள்ளே படகின் அடிப்பள்ளத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான். இனிமேல் வழிந்தால் தண்ணீரில் வழியாது, படகுக்குள்ளேயே வழியும். ஒரு பழந்துணியை அங்கே போட்டு வைத்தால் துடைத்துக்கொள்ளலாம். வானவில் கரையில் நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அன்றைக்கு அது பெரிய மூளையாகத் தெரிந்தது. டீக்கடையில் அவருக்கு ஒரு வாரம் யாராவது டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

பதினொரு பேர் வரிசையில் நின்று திருப்பிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி செய்த தொட்டி வைத்திருந்தவர்களில் நிற்காதவர் அவர் தங்கச்சி புருஷன் ஒருவர்தான். நிதானமான ஆள், எதையும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, உள்ளே விட்டால் வாடை உள்ளேயே சுற்றுமே மச்சான், பலகைக்குக் கீழே காற்று ஏது என்று கேட்டார். மேஸ்திரி சிரித்தார். பதினோரு படகு ஓடவில்லையா மாப்பிள்ளை, உங்களுக்கு மட்டும் மூக்கு நீளமா என்றார். இரண்டு முறை வானவில்லிடம் மாட்டிப் பதினாலு நாள் படகைக் கட்டிப் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர். தங்கச்சி முகத்தைப் பாருங்கள், பிள்ளை முகத்தைப் பாருங்கள் என்று மேஸ்திரி சொன்னதும் தலையாட்டிவிட்டார். பன்னிரண்டாவது மூச்சுக்குழாயும் உள்ளே திரும்பியது. திருப்பும்போது மேஸ்திரி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த மெட்டு இப்போது எங்கே காதில் விழுந்தாலும் அவர் எழுந்து போய்விடுவார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள். காலையில் இரண்டு நடை ஓட்டிவிட்டு மாப்பிள்ளை கழுத்து வரை பெட்ரோல் பிடித்தார். உச்சி வெயிலில் படகைத் துறையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். வெயிலில் பெட்ரோல் உப்பி, போக இடமில்லாமல் மூச்சுக்குழாய் வழியாக அடிப்பள்ளத்தில் வடிந்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். கீழேயே தங்கிக்கொண்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி பறந்தால் போதுமே. பலகையோடு ஆள் மேலே போனதை மேஸ்திரி பட்டறை வாசலிலிருந்து பார்த்தார்.

மாப்பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகத்தைச் சுற்றித் துணி, கை இரண்டும் துணி. இரண்டாம் நாள் தங்கச்சி மருந்து வாங்கப் போயிருந்தபோது மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"வாடை அடிச்சுது மச்சான். எப்பவும் அடிக்கிறதுதானேன்னு விட்டுட்டேன்."

அவர் குறை சொல்லவில்லை. தன் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது, மறுநாள் இறந்துபோனார்.

விசாரணைக்கு வானவில்லும் மேலிடத்து ஆள் ஒருவரும் வந்தார்கள். எரிந்த படகில் ஒரு லைட்டர் கிடைத்தது. இறந்தவருக்குச் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார்கள் படகுக்காரர்கள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. விபத்துக்கு ஐந்து மாதம் முன்பே அவர் விட்டுவிட்டார். மகள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லைட்டர் சிகரெட்டுக்குத்தானே என்று அதிகாரி கேட்டார். அந்த இடத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் பதில் தெரியும். நைலான் கயிற்றை வெட்டினால் முனை பிரிந்துபோகும், நெருப்பில் சுட்டு ஒட்டவைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு படகிலும் ஒரு லைட்டர் கிடக்கும், சிகரெட்டைக் கையால் தொடாதவர் படகிலும் கிடக்கும். யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி தொட்டிக்குப் போகும், தொட்டியைப் பார்த்தால் குழாயைப் பார்ப்பார்கள், குழாயைப் பார்த்தால் பதினோரு படகும் நிற்கும். நெருப்பில்லாமல் புகையுமா என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். புகையாதுதான். எந்த நெருப்பு என்பதைத்தான் அத்தனை பேரும் விழுங்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் விழுங்கியவர் மேஸ்திரி. தங்கச்சியின் அண்ணன் என்பதால் அவரை முதலில் கேட்டார்கள். அவர், எனக்கு என்ன தெரியும் ஐயா, நான் பட்டறையில் இருந்தேன் என்றார்.

சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அப்படி எழுதியதால் குடும்பத்துக்கு எதுவும் வரவில்லை. பெட்ரோல் மேடையில் ஆள் தேவைப்பட்டது, இரக்கப்பட்டுத் தங்கச்சிக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டபோது, பட்டறையில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

செத்துப்போன மனுஷனை யாரும் திட்ட மாட்டார்கள். தங்கச்சி திட்டினாள். சாயங்காலம் அண்ணன் பார்க்கப் போனால், டீயை முன்னால் வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பிப்பாள். பிள்ளை கையில் அடித்துச் சத்தியம் பண்ணினவன், ஒளிஞ்சு ஒளிஞ்சு குடித்திருக்கிறான் என்பாள். நம்மைவிட அந்த ஒரு சாண் புகைதான் அவனுக்குப் பெரிசாகப் போச்சு என்பாள். மகள் ஏழு வயசுப் பெண், நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் தங்கச்சி சுவரிலிருந்த புருஷன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். மேஸ்திரி டீயைக் குடித்தார். சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க அண்ணா என்பாள். ஊர் முழுக்க அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது. அண்ணா என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கும்போது அவருக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். ஆனால் மறுநாளும் போவார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பதோடு நின்றிருந்தால் தேவலை, அவருக்குத் தூக்கமே போய்விட்டது. வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒரு வழி பிடித்தார். கையால் சுற்றும் துரப்பணத்தை எடுத்துக்கொண்டார். மின்சாரத் துரப்பணத்தைப் பெட்ரோல் வாடைக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவருக்கு இப்போது தைரியமில்லை. ஒவ்வொரு படகாகப் போய், உள்ளே போட்ட குழாய் இத்துப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, பக்கவாட்டில் புதிதாகத் துளை போட்டு, குழாயை ஒரு வளைவு ஏற்றி வெளியே விட்டார். தொட்டியில் நாலு விரல் இடம் விடுவதற்கு இது ஈடாகாது. கொஞ்சம் அசந்தால் தண்ணீரில் வழியத்தான் செய்யும், ஏழு நாள் கட்டிப் போடத்தான் நேரும். ஆனால் ஆள் எரியாது.

படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தார். ஒருவரும் வரவில்லை. ஏன் என்றுகூட யாரும் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், செய்யுங்க மேஸ்திரி என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். பத்துப் பேரும் அப்படித்தான். அவர்களும் ஏழு மாதமாகச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவருக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த நொடியே கோபம் அடங்கியது.

மிஞ்சியது அவசரம்.

பத்தொன்பதாம் நாள், வெயில் ஏறிய நேரம். அவசரத்தின் படகு ஒன்பது ஆட்களோடு பெட்ரோல் மேடையை ஒட்டி வந்து நின்றது. பெட்ரோல் பிடிக்கும்போது ஆட்களை இறக்க வேண்டும் என்று அங்கே அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. மற்றவர்கள் பாதி நாள் இறக்குவார்கள். அவசரம் இறக்கியதே இல்லை. மேஸ்திரி துரப்பணத்தையும் குழாய்ச் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறையிலிருந்து கிட்டத்தட்ட ஓடினார். இன்றைக்குக் காலில் விழுந்தாவது நிறுத்திவிட வேண்டும் என்று இருந்தது. அவர் மேடைக்கு வந்தபோது தங்கச்சி பெட்ரோல் குழாயை எடுக்கவே இல்லை. அது கொக்கியிலேயே தொங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் இறங்குங்க. இந்தப் படகுக்கு நான் பெட்ரோல் ஊத்தப் போறதில்ல."

அவசரத்துக்கு இது விளையாட்டாகப் பட்டது. அக்கரையில் ஆள் காத்திருக்கிறது, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"எங்க அண்ணன் வந்துட்டாரு. ஏன்னு அவரைக் கேளுங்க, சொல்வாரு."

படகிலிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக மேடையில் ஏறினார்கள். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு படகுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். மனப்பாடம் ஆகியிருந்த பொய்தான் முதலில் வந்தது: குழாய் இத்துப்போச்சு, மாத்தணும். சொல்லும்போதே அது தன் காதுக்கே கேவலமாக இருந்தது.

தங்கச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பத்துப் பேர்கிட்டயும் அதையேதான் சொன்னீங்க. நான் தினம் ஊத்துறவ அண்ணா. வேலைக்கு வந்த புதுசுல, சில படகு வெளிய விசிலடிக்குது, சில படகு உள்ள அடிக்குது, ஒண்ணும் புரியல. சரி, படகுக்குப் படகு ஒரு மாதிரின்னு இருந்துட்டேன். அப்புறம் உங்க கை பட்ட படகெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய அடிக்க ஆரம்பிச்சுது. பத்து மாறிடுச்சு. இது ஒண்ணுதான் இன்னும் உள்ள அடிக்குது."

முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலைல ஒருத்தர் கயிறு வெட்டி முனையை லைட்டர்ல சுட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்க சிகரெட்டு குடிப்பீங்களான்னு கேட்டேன். இல்லம்மா, லைட்டர் எல்லாப் படகுலயும் கிடக்கும்னு சொன்னாரு. சொன்னப்புறம்தான் யார்கிட்ட சொன்னோம்னு அவருக்கு உறைச்சுது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."

இப்போதுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வீட்டுக்காரர் படகு எங்க அடிச்சுது?"

மேஸ்திரிக்கு அந்த நேரத்திலும் ஒரு பொய் கிடைத்தது. நினைவில்லை என்று சொல்லலாம். வெளியேதான் என்று சொல்லலாம், எரிந்துபோன படகு சாட்சி சொல்ல வராது. அவள் கண்ணைப் பார்த்ததும் அந்தப் பொய்க்குக் கால் வரவில்லை.

"உள்ளேதாம்மா."

"யார் திருப்புனது?"

"நான்தான். அவரு வேண்டாம்னாரு. நான்தான் சிரிச்சு, பேசி, திருப்பி விட்டேன். அவரு சிகரெட்டைத் தொடல. சத்தியத்தைக் காப்பாத்தினாரு."

வரிசையில் நின்ற படகுக்காரர் ஒருவர் தன் கயிற்றை அவிழ்ப்பது போல் குனிந்துகொண்டார். அவசரம்கூட அசையாமல் நின்றார், அவர் நின்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள். தங்கச்சி அழுவாள், அல்லது கையில் கிடைத்ததைத் தூக்கி அடிப்பாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் ஏங்கினார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"ஏழு மாசமா அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு திட்டியிருக்கேன். நீங்க உக்காந்து டீ குடிச்சீங்க."

அவள் படகைக் கை காட்டினாள்.

"துளையைப் போடுங்க," என்றாள்.

அவர் படகில் இறங்கினார். பலகையைத் தூக்கி வைத்தார். வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அடிப்பள்ளத்தில் பழந்துணி ஊறிக் கிடந்தது. அதை எடுத்து வாளியில் போட்டு மேடைக்குத் தள்ளினார். படகு காற்று வாங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் துரப்பணத்தைச் சுற்ற ஆரம்பித்தார். முனை இரண்டு முறை வழுக்கியது. அவசரம் இறங்கி வந்து பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார். துளை விழுந்தது. குழாயை வளைத்து ஏற்றி, வெளியே விட்டு, வளையத்தை முறுக்கினார். சரியாக அரை மணி நேரம் ஆயிற்று. இந்த அரை மணி நேரத்தைத்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் மாப்பிள்ளைக்காகச் செலவழிக்கவில்லை.

தங்கச்சி பெட்ரோல் குழாயைச் செருகி ஊற்றினாள். விசில் வெளியே கேட்டது. ஏறிக்கொண்டே போய்க் கீச்சென்றது. அவள் சரியான நேரத்தில் கையை எடுத்தாள், இருந்தும் தொட்டி கழுத்து வரை நிரம்புகிற பழைய தொட்டிதானே, மேஸ்திரியின் தொட்டி. நாலைந்து சொட்டு வெளியே தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. வண்ணம் விரிந்தது. அலுவலகத்து ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க வானவில்லுக்கு ஒரு நிமிஷம் போதும். கேமராவோடு வந்து நின்றார்.

யார் படகு என்று கேட்டார். அவசரம் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி மேடையில் ஏறி நின்றார்.

"படகை விடுங்க ஐயா. தொட்டி நான் செஞ்சது. இந்தத் துறையில இருக்கிற தொட்டியில பாதி நான் செஞ்சது. எரிஞ்சுபோன படகோட தொட்டியும் நான்தான் செஞ்சேன். அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு, எழுதிக்குங்க."

வானவில் கேமராவை இறக்கினார். பையில் பேனாவைத் தேடினார். மேஸ்திரி மூச்சுக்குழாயிலிருந்து ஆரம்பித்தார், நாலு விரல் இடத்தைச் சொன்னார், பன்னிரண்டு படகையும் சொன்னார். லைட்டரைப் பற்றிச் சொல்லும்போது வரிசையில் நின்ற படகுக்காரர்கள் அருகே வந்து, ஆமாங்க, கயிறு சுடுறதுதான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். செத்தவனுக்கு ஏழு மாதம் தாமதமாகச் சாட்சி வந்தது. பட்டறைக்குப் பூட்டு விழும் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தது, வழக்கு வரும் என்றும் தெரிந்தது. அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பேசிக்கொண்டே கண் அடிக்கடி தங்கச்சி பக்கம் போயிற்று. அவள் தன் புருஷன் பெயருக்கு ஒட்டியிருந்த கறை கழுவப்படுவதை நின்று கேட்பாள் என்று நினைத்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தப் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தார்.

அவள் அவசரத்தின் தொட்டி வாயைத் துடைத்து மூடினாள். ஆட்களை ஏறச் சொல்லிக் கை காட்டினாள். படகு நகர்ந்ததும் அடுத்த படகு வந்து ஒட்டியது. மேஸ்திரி அதன் கயிறு விழ வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க மேஸ்திரி," என்றாள். "படகு வருது."

மேஸ்திரி துரப்பணப் பையை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்குத் தள்ளி நின்றார்.